காவல் சடங்கு எழுதிய பக்கம்

என் அண்ணிக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. பதினோராம் நாள், அவருடைய அம்மா என் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்லச் சம்பந்தம் கூடிக்கொண்டுதான் போயிற்று.

எங்கள் வீடு விழுப்புரத்தில். நான் வேலை பார்ப்பது திண்டிவனத்தில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். காலையில் பஸ், சாயங்காலம் பஸ். இது போதாதென்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் திண்டிவனம் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று சொல்லியிருந்தேன். அது பொய். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "விளையாடப் போகிறேன்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆனால் அது விளையாட்டுதான். என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி என்னைக் கூட்டிப் போனாள். பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் ஒருவருடைய வீடு. அவரும் அவர் மனைவியும் வேதக்காரர்கள். ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டு, இரண்டு மணிக்கு மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவார்கள். வாத்தியார் கதை சொல்வார். அவர் மனைவி, என் தோழி, நான் மூன்று பேரும் ஆளுக்கொரு பாத்திரம். பேய்க் கோட்டை வரும், பாழடைந்த சுரங்கம் வரும். "நீங்க இப்ப என்ன பண்றீங்க?" என்று வாத்தியார் கேட்பார். நாங்கள் சொல்வோம். சொன்னது பலித்ததா இல்லையா என்பதைப் பல முகம் கொண்ட பிளாஸ்டிக் பகடைக் கட்டைகளை உருட்டிப் பார்ப்போம். அவ்வளவுதான் ஆட்டம். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க நான் ஓடும்போது, அந்த நாலு மணி நேரத்தில் வீட்டைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பது தெரியும்.

நான் மந்திரவாதி. விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. நாங்கள் பேசி ஆடியது தமிழில். அதனால் என் மந்திரங்களை எல்லாம் ஒரு நீள நோட்டில் தமிழில் எழுதி வைத்தேன். இரண்டு வருடத்தில் பாதி நோட்டு நிரம்பிவிட்டது.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது சடங்கு விதி. ஒரு மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் என்று கணக்கு உண்டு. போட்டால் சக்தி குறையும், தூங்கி எழுந்தால்தான் திரும்பும். ஆனால் சில மந்திரங்களுக்குப் பக்கத்தில் 'சடங்கு' என்று குறித்திருக்கும். அவற்றை அவசரப்படாமல் பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து செய்தால் சக்தி செலவாகாது. மந்திரம் மந்திரவாதியின் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும், கேட்ட பொருள்கள் கையில் இருக்க வேண்டும், நடுவில் கவனம் கலையக் கூடாது. கலைந்தால், ஒன்பதாவது நிமிடமாக இருந்தாலும், மறுபடி முதலிலிருந்து. எங்கள் வீட்டில் யாரும் கூப்பிடாமல் நான் பத்து நிமிடம் தொடர்ந்து உட்கார்ந்ததில்லை. அதனாலேயே அந்த விதி எனக்கு அவ்வளவு பிடித்தது என்று நினைக்கிறேன்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் போடும் குடும்பம். பி.எட். படித்துவிட்டு விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்தார். கலகலவென்று பேசுவார். என் அறைக்குள் கேட்காமல் வருவார். என் கிளிப், என் துப்பட்டா, என் சார்ஜர், எதையும் எடுப்பார். பள்ளியிலிருந்து வந்ததும் என் கட்டிலில்தான் படுப்பார், அங்கேதான் காற்று வரும் என்று. அவர் மேல் தப்பில்லை. "இது உன் வூடு, எங்க வேணாலும் இரு" என்று அம்மாதான் சொல்லியிருந்தார். ஒருநாள் என் அலமாரியை ஒழுங்குபடுத்தி, காலேஜில் நான் ஆசையாக வைத்திருந்த சுடிதாரைப் பழசு என்று நினைத்து, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுத்துவிட்டார். சிரித்துக்கொண்டே "பரவால்ல அண்ணி" என்றேன்.

அன்றைக்குத்தான் காவல் சடங்கு என்ற மந்திரத்தை நோட்டில் எழுதினேன். ஓர் இடத்தைச் சுற்றிக் காவல் போடும் சடங்கு அது. சின்ன மணியும் மெல்லிய கம்பியும் வேண்டும். அந்த இடத்துக்குள் யார் யார் வரலாம் என்று மந்திரவாதி முன்கூட்டியே சொல்லிவிடலாம். அவர்களைத் தவிர வேறு யார் நுழைந்தாலும் அவள் மனதுக்குள் மணி அடிக்கும். புது மந்திரம் எழுதினால் கீழே ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கச் சொல்லுவார் வாத்தியார். நான் போட்டேன். ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் ஒரு கட்டமும் கதவும் வரைந்து, இப்படி எழுதினேன்:

இடம்: என் அறை. வரலாம்: அப்பா, அம்மா, அண்ணன். வேறு யார் வந்தாலும் மணி அடிக்கும்.

அண்ணி அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தார். எனக்குத் தெரியும்.

ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுக்கப் போனபோது துடிப்பு நின்றுவிட்டது என்றார்கள். காரணம் யாராலும் சொல்ல முடியவில்லை. சில சமயம் இப்படி ஆகும் என்றார் டாக்டர். மூன்று நாள் கழித்து அண்ணியை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அவருடைய அம்மா துணைக்கு வந்து தங்கினார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வந்த நாளிலிருந்து அத்தை சும்மா உட்காரவில்லை. பாத்திரம் தேய்த்தார், ஒட்டடை அடித்தார், வீட்டையே கழுவிவிட்டார். பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் அப்படிச் செய்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

அன்று சனிக்கிழமை. நான் வேலையிலிருந்து நாலு மணிக்கு வந்தேன். கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். அப்பா நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சண்டையையும் இரண்டு வார்த்தையில் முடித்து வைப்பவர். அன்றைக்கு என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அத்தை முன்னால் தரையில் என் நோட்டு திறந்து கிடந்தது.

"இது இன்னாமா?" என்றார் அத்தை.

"அது ஒரு கேம், அத்தை."

"கேமா? நீயே படி." அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "கரி, சாம்பிராணி, மூலிகை, பித்தளைத் தட்டு. ஒரு மணி நேரம் எரிக்க வேண்டும். எரித்தால் பூனை உருவத்தில் ஆவி வரும். இத எழுதிக்கினு, கட்டிலுக்கு அடில வச்சிக்கினு, பக்கத்து ரூம்ல என் பொண்ணு வயித்துப் புள்ளையோட படுத்துக்கினு இருந்தா. இது கேமா?"

நான் விளக்க ஆரம்பித்தேன். வாத்தியார் வீடு, மேசை, நாலு பேர், கதை. அண்ணன் குறுக்கே கேட்டான்: "அப்ப கோர்ஸ்?"

"கோர்ஸ் இல்ல."

"ரெண்டு வருஷமா பொய் சொல்லிக்கினு போயிருக்க?"

அதற்குமேல் நான் சொன்னது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. நம்ப வைக்க வேண்டுமென்ற பதற்றத்தில் பையிலிருந்து கட்டைகளை எடுத்துக் காட்டினேன். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று ஏழு கட்டைகள் தரையில் உருண்டன. அத்தை காலை இழுத்துக்கொண்டார்.

"சோழி உருட்டறவங்களத்தான் பாத்துருக்கேன். வேணாம் சம்பந்திம்மா, இத எடுக்கச் சொல்லுங்க."

அம்மா அழ ஆரம்பித்தார். அப்போதுதான் அண்ணி தன் அறையிலிருந்து வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து மெதுவாக உட்கார்ந்தார். நோட்டை எடுத்து மடியில் வைத்துப் புரட்டினார். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி, ஒவ்வொரு பக்கமாக, வரி விடாமல் படித்தார். அந்தப் பக்கம் வரப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. கையிலிருந்து பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் அந்தப் பக்கத்தில் நின்றார்.

"நான் சூனியம் கீனியம்லாம் நம்பல," என்றார் அண்ணி. குரல் மிகவும் சன்னமாக இருந்தது. "ஆனா இதுல நான் இல்லையே."

"அண்ணி, அது சும்மா உதாரணத்துக்கு..."

"அப்பா, அம்மா, அண்ணன். எல்லாரும் இருக்காங்க. நான் வந்தா மணி அடிக்கும். அப்படித்தான?"

அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். சூனியக்காரி என்று அத்தை சொல்லாமல் சொன்னபோது வந்த கோபம் அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது. அத்தை சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அண்ணி கேட்டது பொய் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு முனை அம்மன் கோயிலில் நான் எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று அத்தை கேட்டார். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "செஞ்சிடும்மா. நீ தப்பு பண்ணலன்னு எனக்குத் தெரியும். இந்தப் பேஜாரு இதோட முடியட்டும்," என்றார். இரண்டு வார்த்தையில் முடிக்கப் பார்த்தார், பாவம். நானும் ஒப்புக்கொண்டேன். வயிற்றுப் பிள்ளைக்கு நான் எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை. அதை எந்தச் சாமி முன்னாலும் என்னால் சொல்ல முடியும்.

கோயிலில் ஆறு பேர் இருந்தோம்: எங்கள் வீட்டார் நாலு பேர், அத்தை, அண்ணி. அண்ணி வர வேண்டாம் என்று அண்ணன் சொல்லியும் வந்தார். பூசாரி கல்லின் மேல் கற்பூரம் ஏற்றினார். நான் தலைக்குக் குளித்து ஈரத் தலையோடு நின்றேன்.

"புள்ளைக்கு நான் ஒண்ணும் பண்ணல," என்று சொல்லிக் கையை ஓங்கினேன்.

"இரு," என்றார் அத்தை. "அது மட்டும் போதாது. என் பொண்ணு மேல மனசுல எந்தக் கெட்ட எண்ணமும் வச்சதில்லன்னு சொல்லி அணை."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டு அடித்திருக்கலாம், எல்லாருக்கும் நிம்மதியாகப் போயிருக்கும். எனக்குச் சாமி பயம் பெரிதாகக் கிடையாது. ஆனால் அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னால் அவருக்குத் தெரியும். சுடிதார், கட்டில், சிரித்துக்கொண்டே "பரவால்ல" என்று சொன்ன நாள், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஓங்கிய கை அப்படியே நின்றது. கற்பூரம் தானாக எரிந்து அடங்கும் வரை நான் வாயைத் திறக்கவில்லை.

"பாத்தீங்களா," என்றார் அத்தை. அவ்வளவுதான் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

"போதும்மா. வா, ஊருக்குப் போலாம்," என்று அண்ணி அவர் கையைப் பிடித்தார்.

மத்தியானமே இருவரும் திருவெண்ணெய்நல்லூருக்குக் கிளம்பிவிட்டார்கள். அண்ணன் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து என்னோடு பேசவில்லை. சாயங்காலம் அப்பா வெந்நீர் அடுப்பில் என் நோட்டைப் பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தடுக்கத் தோன்றவில்லை. கட்டைகளை மட்டும் கேட்டேன். "அதையும் போட்டா நாறும், நீயே எங்கனா தூக்கிப் போடு," என்றார்.

வாத்தியாரிடம் போனில் சொன்னேன். அவர் மிகவும் வருத்தப்பட்டார். "நான் வந்து உங்க அப்பாட்ட பேசட்டுமா? விதிப் புத்தகத்தக் கொண்டாந்து காட்டறேன்," என்றார். முன்பின் தெரியாத ஓர் ஆண் மந்திரப் புத்தகத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். அண்ணி வருகிற மாதிரித் தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திருவெண்ணெய்நல்லூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். இறங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது.

நல்லவேளையாக அத்தை கழனிக்குப் போயிருந்தார். அண்ணி வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "உக்காரு," என்றார். நானும் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன்.

"அண்ணி, அன்னிக்கு நீங்க சுடிதாரக் கொடுத்துட்டீங்க. எனக்குக் கோவம். வாயத் தொறந்து சொல்லாம நோட்டுல எழுதினேன். வேற ஒண்ணும் இல்ல."

"எந்தச் சுடிதாரு?"

அவருக்கு நினைவே இல்லை. சொன்னேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருக்கணும்."

"கோயில்லயாவது பொய் சொல்லியிருக்கலாம்."

"உங்கள எதிர்ல வச்சிக்கினு முடியல."

அவர் முறத்தைத் தட்டித் தோலைத் தள்ளினார். பிறகு எதிர்பாராமல், "அந்தச் சடங்கு எப்படிப் பண்ணணும்? சொல்லு," என்றார். கிண்டலா என்று பார்த்தேன். கிண்டல் இல்லை. பாடம் எடுக்கிறவருக்கு ஒரு விஷயத்தை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். நான் சொன்னேன். சக்தி செலவாகாமல் இருக்கப் பத்து நிமிடம் கூடுதலாக உட்கார வேண்டும், நடுவில் கலையக் கூடாது என்றேன்.

"கலைஞ்சா?"

"மறுபடி மொதல்லேர்ந்து."

"ஒம்போதாவது நிமிஷத்துல கலைஞ்சாலும்?"

"ஆமா."

"மொதல்லேர்ந்துன்னு எவ்ளோ ஈஸியா எழுதிட்டாங்க," என்றார். கை உரித்துக்கொண்டே இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி முறத்தில் விழுந்தது. நான் அவர் தோளைத் தொடப் போனேன். தொட விட்டார், ஆனால் சாய்ந்துகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா வர்றதுக்குள்ள ஜல்தி கெளம்பு. உன்னப் பாத்தா மறுபடி ஆரம்பிச்சிடும்," என்றார்.

இரண்டு மாதம் கழித்து அண்ணி திரும்பி வந்தார். வந்தது எங்கள் வீட்டுக்கு இல்லை. அண்ணன் வேலையில் திண்டிவனத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கே வாடகைக்கு வீடு பிடித்துவிட்டான். அப்பாவும் அம்மாவும் விழுப்புரத்தில் என்னோடு. நான் தினமும் வேலைக்கு இறங்குகிற ஊரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் அவர்கள். மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் போவேன். அண்ணி சோறு போடுவார். அங்கே புதிதாகச் சேர்ந்த பள்ளியின் கதை சொல்லுவார். பழைய கலகலப்பு இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. நான் அந்த வீட்டில் கேட்காமல் எதையும் தொடுவதில்லை.

ஆட்டத்துக்கு ஆறு மாதம் போகவில்லை. பிறகு போனேன். வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டே போனேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார், அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இப்போது நான் மந்திரவாதி ஆடுவதில்லை. வாள் எடுத்துச் சண்டை போடும் பாத்திரம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கு எழுதி வைக்க ஒன்றும் கிடையாது.

போன வருடம் அண்ணி மறுபடி முழுகாமல் இருந்தார். ஏழாம் மாதம் வளைகாப்பு, திண்டிவனம் வீட்டிலேயே. நாத்தனார் நான், வளையல் போட வேண்டியவள். கண்ணாடி வளையல் இரண்டு டஜன் வாங்கி வைத்திருந்தேன். முந்தின நாள் அண்ணி போன் செய்தார்.

"நீ நாளைக்கு வராத," என்றார்.

"அத்தை சொன்னாங்களா?"

"இல்ல. அம்மா சொல்லியிருந்தா நான் சண்ட போட்டுக் கூப்டுருப்பேன். எனக்கே பயமா இருக்கு." பிறகு அவரே தொடர்ந்தார். "நம்பறேன்னு இல்ல. உன்னத் தப்பா நெனைக்கல. ஆனா இந்தத் தடவ எதுலயும் துணிய முடியல. புரிஞ்சிக்கோ."

"சரி அண்ணி," என்றேன். போனை வைத்த பிறகு அந்த "சரி"யைப் பற்றி யோசித்தேன். உள்ளே கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருந்தது. உடனே திரும்பக் கூப்பிட்டேன். "அண்ணி, எனக்குக் கஷ்டமா இருக்கு. வரமாட்டேன். ஆனா கஷ்டமா இருக்குன்னு சொல்லிடறேன்," என்றேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. "எனக்கும்தான்," என்றார்.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டு வந்தார்கள். அம்மா எனக்குக் கலந்த சாதம் ஐந்து வகையும் டப்பாவில் கொண்டுவந்தார். நான் புளி சாதம் மட்டும் சாப்பிட்டேன்.

பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. மூன்று மாதம் வரை அத்தை வீட்டில் வைத்திருந்துவிட்டுத் திண்டிவனம் கூட்டி வந்தார்கள். வந்த வாரமே அண்ணி என்னைக் கூப்பிட்டார். நான் வேலை முடிந்து போய், கை கால் கழுவிக்கொண்டு, சுவரோரம் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். அண்ணி குழந்தையைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தார். தலைக்கு அடியில் கொடுத்த கையை மட்டும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று அவர் நினைப்பதும் முடியாமல் இருப்பதும் முகத்தில் தெரிந்தது. "இருக்கட்டும் அண்ணி," என்றேன். குழந்தை என் முகத்தைப் பார்த்தது, ஃபேனைப் பார்த்தது, கொட்டாவி விட்டது. அண்ணன் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் அதே நிலையில், ஒரு கை அவருடையது, மடி என்னுடையது என்று, அது தூங்கும் வரை உட்கார்ந்திருந்தோம்.